அன்னாள் தைத்த சட்டை

ஜனவரி 14
வேதவாசிப்பு: 1 சாமுவேல் 2:18–21

அன்னாளைப் பற்றிய பிரசங்கம் கேட்காமல் வளர்ந்த வேதக்காரப் பெண்பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்கமாட்டாள். பிள்ளையில்லாத அன்னாள், சீலோவில் உதடு மட்டும் அசைய அழுது ஜெபித்த அன்னாள், பெற்ற சாமுவேலைக் கர்த்தருக்கே கொடுத்துவிட்டு வந்த அன்னாள். பிரசங்கம் பெரும்பாலும் அந்த இடத்தோடு முடிந்துவிடும். இன்றைக்கு அதற்குப் பிறகு வருகிற நாலு வசனங்களை வாசிப்போம். பால்மறந்த பிள்ளையை ஆசாரியனிடம் விட்டுவிட்டு வீடு திரும்பிய தாய், ஒவ்வொரு வருஷமும் ஒரு சின்னச் சட்டை தைத்தாள். வருஷாந்தரப் பலிக்குப் போகும்போது அதைக் கொண்டுபோய் மகனுக்குக் கொடுத்தாள். அந்தக் காலத்தில்தான் அவள் மறுபடியும் கருத்தரித்தாள். சாமுவேலுக்குப் பின் மூன்று ஆண்பிள்ளைகளும் இரண்டு பெண்பிள்ளைகளும் பிறந்தார்கள்.

வருஷத்தில் ஒருதரம் மட்டும் பிள்ளையைக் காண்கிற தாய் எந்த அளவில் சட்டை தைப்பாள்? போன முறை கண்ட உயரத்தை மனதில் வைத்து, இவ்வளவு நாளில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று கணக்குப் பார்த்துத்தான் துணியை வெட்டியிருப்பாள். தோள் இவ்வளவு அகன்றிருக்கும், கை இவ்வளவு நீண்டிருக்கும் என்று தன் மனதுக்குள்ளேயே அளந்திருப்பாள். அப்படி அளந்த வருஷங்களில் அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளை புரண்டுகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கும் துணி தேவை. அதற்காக மூத்தவனின் சட்டை ஒரு வருஷமும் தவறியதாக வேதம் சொல்லவில்லை.

இன்று ஜனவரி 14. 1833ஆம் ஆண்டு இதே நாளில் உடுவிலில் ஹரியற் வின்சுலோ அம்மையார் காலமானார். வயது 36. உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும்; 1824இல் பெண்பிள்ளைகளுக்கென்று அந்த விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர். தமிழ் படித்தவர்களுக்கு அவருடைய கணவர் மைரன் வின்சுலோவைத் தெரியும்; 1862இல் சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் அகராதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இருவரும் 1819இல் அமெரிக்காவிலிருந்து மிஷனரிகளாகக் கப்பலேறி வந்தார்கள். மறு ஆண்டிலிருந்து உடுவில் அவர்களுடைய ஊரானது. 1821 ஜனவரியில் மகன் சார்ள்ஸ் யாழ்ப்பாணத்தில் பிறந்தான். அவனுக்குப் பின்னும் பிள்ளைகள் பிறந்தார்கள். 1829இல் பிறந்த மகளுக்குத் தாயின் பெயரையே வைத்தார்கள்.

பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது அந்த மிஷனரிமாரிடையே வழக்கமாகி வந்தது. சார்ள்சும் அனுப்பப்பட்டான். 1832 மே 24ஆம் திகதி நியூயோர்க்கில் இறந்துபோனான். பதினொரு வயதும் நாலு மாதமும்.

அந்த நாளில் பாய்க்கப்பல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வரவேண்டும். ஒரு செய்தி கடல் தாண்ட மாதக்கணக்காகும். ஆகவே மகனை அங்கே அடக்கம்பண்ணிய பிறகும் உடுவிலில் தாய்க்கு அவன் உயிரோடுதான் இருந்தான். அந்த ஜூனிலும் ஜூலையிலும் தாயின் ஜெபத்தில் அவன் பெயர் இருந்திருக்கும். போய்ச் சேர்ந்திருப்பானா, குளிருக்கு உடுப்புப் போதுமா என்று எந்தத் தாயும் நினைப்பதை அவரும் நினைத்திருப்பார். மகன் போய் எட்டு மாதம் நிறையுமுன் அவரும் போய்விட்டார். அவருடைய தங்கைமார் மூவரும் பின்னர் இதே யாழ்ப்பாண மிஷனுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக் கடலுக்கு அப்பால் அனுப்பும்படி கர்த்தர் கேட்டார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வழக்கம் கொடியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாயின் நெஞ்சை யாழ்ப்பாணத் தாய்மாரைவிட நன்றாக அறியக்கூடியவர்கள் யாருமில்லை. 1983இல் போர் மூண்ட பிறகு எத்தனை வீடுகளில் மூத்தவனை இரவோடிரவாகக் கொழும்புக்கும், அங்கிருந்து கண்காணாத தேசத்துக்கும் அனுப்பிவிட்டு, இளையவர்களை வளர்த்தார்கள்! அவனுடைய உடம்பின் அளவு தெரியாமல் ஒரு சேட்டு வாங்கி, போகிற யாரிடமாவது கொடுத்துவிட்ட தாய்மார் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்னாளின் கதையை விளக்கத் தேவையில்லை.

வயிற்றில் அடுத்த பிள்ளை இருக்கிற தாய்க்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் மறுபடியும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், நம்முடைய சனம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு. “போன பிள்ளைதான் திரும்பி வருகுது பிள்ளை, அழாதை.” அன்போடு சொல்வதுதான். வேதக்கார வீடுகளில் அதுவே கொஞ்சம் மாறி, “ஆண்டவர் எடுத்ததைத் திருப்பித் தாறார்” என்று வரும். இந்த ஆறுதலை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இறந்த பிள்ளைக்கு அது அநியாயம். அவனுடைய இடம் நிரம்பிவிட்டது, இனி அவனை நினைக்க அவசியமில்லை என்று ஆகிவிடுகிறது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு அதைவிட அநியாயம். அது இன்னொருவருடைய உயிரை வாழ்வதற்காகப் பிறக்க வேண்டியிருக்கிறது. ஒரு மகனை இழந்து மறுபடி கர்ப்பமான தாய் ஒருவர் தன் மாமியாரிடம் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை: “எனக்கு இந்தப் பிள்ளை வேணும் மாமி. அதுக்காக அவனை மறக்கச் சொல்லாதேங்கோ.”

2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டிலிருந்து உடுத்துறைக்கும் அப்பால் வரை கடல் ஊருக்குள் வந்தது. போனவர்களில் பிள்ளைகள் மிகப் பலர். அக்கரையில் நாகப்பட்டினத்திலும் அதேதான். அங்கே குடும்பக்கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்த தாய்மார் பலர் இருந்த பிள்ளைகளையெல்லாம் ஒரே காலையில் இழந்திருந்தார்கள். கட்டிய குழாயை மறுபடி இணைக்கும் சத்திரசிகிச்சைக்குத் தமிழக அரசு உதவி செய்தது. சிலருக்குப் பிள்ளை பிறந்தது. அவர்கள் மறுபடியும் கர்ப்பமானது பெரிய துணிவு. கடலைப் பார்த்தாலே நடுங்குகிற உடம்பு இன்னொரு உயிரைச் சுமக்கச் சம்மதிப்பதை நான் விசுவாசம் என்றுதான் சொல்வேன். ஆனால் அப்படிப் பிறந்த பிள்ளை, இறந்த அக்காவின் பெயரையே தன் பெயராகச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு டிசம்பரிலும் மாலை போட்ட அவளுடைய படத்துக்கு முன் நிற்க நேர்ந்தால் அதன் மனதில் என்ன ஓடும்?

வேதத்தை ஊன்றி வாசிக்கிறவர்கள் இங்கே ஏவாளை எடுத்துக்காட்டக்கூடும். சேத் பிறந்தபோது, கொல்லப்பட்ட ஆபேலுக்குப் பதிலாகத் தேவன் தனக்கு இன்னொரு பிள்ளையைத் தந்ததாக ஏவாளே சொன்னாள். உண்மைதான், ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னது யார்? பெற்றவள். தன் துக்கத்துக்குத் தானே தேடிக்கொண்ட சொல் அது. பக்கத்து வீட்டுக்காரர் அதை அவளிடம் சொல்லவில்லை. புதிய பிள்ளையைக் கையில் ஏந்தியபடி அவள் பேசிய அந்த ஒரே பேச்சில் ஆபேலின் பெயரும் இருக்கிறது, அவன் எப்படிப் போனான் என்பதும் இருக்கிறது. மறந்தவள் பேசுகிற பேச்சா அது?

யோபுவின் கணக்கும் நமக்கு உதவும். எல்லாவற்றையும் இழந்த யோபுவுக்குக் கர்த்தர் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார் என்று வாசிக்கிறோம். ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆயிற்று. மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம் ஆயிற்று. ஏர்மாடும் கழுதையும் அப்படியே. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முன்னே ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும். பின்னேயும் ஏழும் மூன்றும். பழைய வேதவிளக்கக்காரர் பலர் இந்த இடத்தில் நின்று யோசித்து, முதல் பத்துப்பேரும் தேவனுடைய கணக்கில் இன்னும் இருக்கிறார்கள், ஆகையால் பத்தும் பத்தும் இருபது, அதுவே இரட்டிப்பு என்றார்கள். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆட்டுக்கு ஆடு ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகாது. பின்னே பிறந்த பத்துப்பேரைச் சுமந்து பெற்றவளைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது மட்டும் எனக்கு எப்போதும் குறையாகவே இருக்கிறது. பத்துப் பிள்ளைகளைப் புதைத்தவள் பதினொன்றாவது பிள்ளைக்காக வயிற்றில் கைவைத்தபோது என்ன ஜெபித்திருப்பாள்?

பயத்தோடுதான் ஜெபித்திருப்பாள். பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று சபைகளில் சொல்லக் கேட்கிறோம். முதல் பிள்ளையைச் சிரமப்பட்டுப் பெற்றவள், கருச்சிதைந்து போனவள், பெற்ற பிள்ளையைப் பெட்டியில் வைத்துப் பார்த்தவள், இவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் பயம் வருவது இயல்பு. ராகேல் யோசேப்பைப் பெற்ற கையோடு இன்னொரு மகனையும் கேட்டவள். அந்த இரண்டாவது பிள்ளைக்கு வழியிலேயே நோவு கண்டது, பெத்லகேமுக்குக் கிட்ட. பயப்படாதே என்று மருத்துவச்சி சொன்னாள் என்றால் ராகேல் பயந்திருக்கிறாள். வேதம் அவளை அதற்காக ஒரு சொல்லாலும் குறைகூறவில்லை. அவள் அங்கேயே இறந்தாள். விசுவாசக்குறைவால் இறந்தாள் என்று எழுதப்படவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தபோது, ஒரு கையில் மூத்ததைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை வயிற்றில் வைத்தபடி நடந்த பிள்ளைத்தாய்ச்சிமாருக்கு ராகேலின் வழி தெரியும். அவர்களும் பயந்தபடியேதான் ஜெபித்தார்கள்.

ஆகவே, கர்ப்பிணியான என் சகோதரியே, பயத்தை மறைத்துக்கொண்டு ஜெபிக்கத் தேவையில்லை. பயத்தைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். அதே பயத்தைக் கிளினிக்கில் மருத்துவமாதிடமும் சொல்லுங்கள். போன பிரசவத்தில் இரத்தப்போக்கு இருந்ததா, அமுக்கம் கூடியதா, சீனி வந்ததா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஜெபம் போதும் என்று கிளினிக்கைத் தவறவிடுகிறவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்காக மானிப்பாயில் இருந்த ஒரு மிஷனரி வைத்தியரை நினைவூட்டுகிறேன். சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்தவர். நாள் தவறாமல் ஜெபித்த அந்த மனிதர், மன்சலின் பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். பிள்ளைப்பேற்றில் பெண்கள் சாவது தேவசித்தம் என்று அவர் கைகட்டி இருக்கவில்லை. ஜெபத்தோடு மேசையில் உட்கார்ந்து, தமிழில் மருத்துவச் சொல் தேடினார். 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று மக்லியோட் ஆஸ்பத்திரி திறந்தது. ஹரியற் அம்மையாரின் காலத்தில், அவரோடு ஒரே கப்பலில் வந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் இருந்தார். நோவு கண்ட பெண்ணுக்கு உடுவிலிலிருந்து அது கிட்ட இல்லை. இணுவிலோ உடுவிலுக்குப் பக்கத்து ஊர். தீபகற்பத்தின் எத்தனையோ தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ஆஸ்பத்திரி உயிர் காத்தது.

இலங்கையில் 1940களின் தொடக்கத்தில் ஓர் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 30, 40 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இந்த மாற்றத்தைச் செய்தவர்களில் முதலிடம் படலை திறந்து வீட்டுக்குள் வந்து, வயிற்றை அளந்து, கொப்பியில் எழுதி, திரிபோஷா குடிக்கிறாயா என்று கேட்டுப் போகிற மருத்துவமாதுக்கு உரியது. அவர் படலையடியில் நிற்கும்போது, உங்கள் ஜெபத்துக்குப் பதில் வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூத்த பிள்ளையைப் பற்றி. இரண்டாவது, மூன்றாவது பிள்ளையைச் சுமக்கிற தாய்மார் பலர் வெளியில் சொல்லாத கவலை ஒன்று உண்டு. இந்த மூத்ததை நேசித்ததுபோல இன்னொன்றை நேசிக்க முடியுமா? புதியது வந்தால் இது அந்தரித்துப் போகுமா? வயிறு பெருக்கப் பெருக்க மடி சிறுத்துப் போகிறது. ஏறி இருக்க இடமில்லாமல் மூத்தது சிணுங்குகிறது. தாய் களைப்பில் அதட்டிவிட்டு இரவில் அழுகிறாள். அந்தத் தாய்க்குத்தான் அன்னாளின் ஊசியைக் காட்ட விரும்புகிறேன். அவளுக்கு ஐந்து பிள்ளைகள் பின்னே பிறந்தார்கள். சீலோவில் இருந்தவனுக்குச் சட்டை போய்க்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்த அன்பை எடுத்து மற்றப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை. உங்களுக்கும் வராது. நேரம் குறையும், பொறுமை குறையும், நித்திரை நிச்சயமாகக் குறையும். அதற்கெல்லாம் மற்றவர்களுடைய கை வேண்டும். அங்கேதான் சபைக்கு வேலை இருக்கிறது.

இதை வாசிக்கிற சிலருக்குப் பிள்ளையில்லை என்பதும் எனக்குத் தெரியும். இப்படியான சிந்தனைகள் அவர்களைத் தாண்டிப் போய்விடுகின்றன. உடுவிலுக்கு 1840இல் எலைசா அக்னியூ என்றொரு பெண் வந்தார். திருமணம் செய்யவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் யாழ்ப்பாணத்திலேயே இருந்து, 1883இல் இங்கேயே இறந்தார். ஹரியற் அம்மையார் தொடங்கிய பாடசாலையை 1879 வரை நடத்தியவர் அவர். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை அழைத்தார்கள். உடுவில் பிள்ளைகள் அவரிடம் படித்து, மணமாகி, தங்கள் பிள்ளைகளையும் அவரிடமே கொண்டுவந்து விட்டார்கள். மூத்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிற வீடுகள் உங்கள் ஒழுங்கையிலும் இருக்கின்றன.

மரியாள் தானே கர்ப்பமாக இருந்தும் மலைநாட்டுக்குப் போய், ஆறு மாதமாகியிருந்த எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். பிரசவம் கிட்டிய வயதுபோன பெண்ணுக்கு மூன்று மாதம் ஒரு துணை. நமக்கு அவ்வளவு வேண்டாம், இந்தக் கிழமை ஒரு பின்னேரம் போதும். உங்கள் சபையில், உங்கள் அயலில் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற ஒருத்தியின் வீட்டுக்குப் போங்கள். மூத்த பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து இரண்டு மணித்தியாலம் விளையாட விடுங்கள். அவள் படுத்து எழும்பட்டும். கிளினிக் நாளில் கூடப்போங்கள். இராச் சாப்பாட்டுக்கு ஒரு கறி சமைத்துக் கொடுங்கள். அவள் முன்பு ஒரு பிள்ளையை இழந்தவளாக இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.